ஆற்றங்கரை, ஆரஞ்சுத் தோப்பு, வண்டி வராத கிராவல் பாதை: நம் எல்லையில் உண்டா?

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 9

பாலக்காட்டுக்கு வேலைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஸ்பெயினில் மோட்டார் வண்டியே வராத கிராவல் பாதைகளில், அதாவது தார் போடாத, மண்ணும் சிறுகல்லும் கலந்த பாதைகளில், ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவும் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு இடையிலும் நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பொள்ளாச்சி, சித்தூர், கொல்லங்கோடு எல்லைப் பகுதியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பது என் முடிவு. தவறு என்றால் யாராவது வழி சொல்லுங்கள்.

2024 நவம்பர் 10

தவறு என்றுதான் சொல்கிறேன். ஆனால் முழுத் தவறு அல்ல. நீங்கள் கேட்ட மூன்றில் ஆறும் உண்டு, வண்டி வராத பாதையும் உண்டு. ஆரஞ்சுதான் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீனாட்சிபுரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் வாய்க்கால் கரைகளில் சைக்கிள் ஓட்டியே பாதி ஆயுள் போயிற்று. மீனாட்சிபுரத்திலிருந்து மூலத்தரா தடுப்பணைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து பிரியும் வாய்க்காலின் கரையைப் பிடித்தால், பெரும்பகுதி செம்மண்ணும் சிறுகல்லும் கலந்த தரைதான். ஆழியாறு எல்லை கடந்து சித்தூர்ப் புழையாக மாறும் இடம் அது. இருபக்கமும் தென்னை, நடுநடுவே கரும்பனை, தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவர். போக வர 22 கிலோமீட்டர் வரும்.

ஒரு வேண்டுகோள். கடையில் போய் 'கிராவல் சைக்கிள்' என்று கேட்கும்போது கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். கிராவல் சைக்கிள் வாங்கலாமா என்று நான் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, டிப்பர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் "எத்தனை லோடு வேணுங்க சார்?" என்று கேட்டார். நம் பக்கம் கிராவல் என்றால் மனை மேடாக்கக் கொட்டும் மண்.

2024 நவம்பர் 10, இரவு

மேலே 'வண்டி வராத' என்று எழுதியது மிகை. விடியற்காலையில் கள் ஏற்றும் வண்டிகள் வரும். சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்தான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த வண்டிக்காரர்களுக்கு நேரம் முக்கியம், எதிரே வரும் சைக்கிள்காரனின் நலம் அவ்வளவு முக்கியம் அல்ல. ஏழரை மணிக்கு மேல் கிளம்பினால் அவர்கள் போயிருப்பார்கள்.

2024 நவம்பர் 14

என்ன சைக்கிள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் கடைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள்.

கிராவல் சைக்கிள் என்று இன்று விற்பவற்றின் டயர் அகலம் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர். என் அப்பா தேங்காய் மூட்டை கட்டிய பழைய ஹெர்குலிஸின் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலத்தை 25.4 ஆல் பெருக்குங்கள், 38.1 வரும். தார் போடாத தரையில் ஓட வேண்டிய சைக்கிளுக்கு எவ்வளவு அகல டயர் வேண்டும் என்பது இந்த ஊர் வழிகளுக்குப் புதிய செய்தி அல்ல. அன்றைய வழி என்றால் இட்டேரிதான்: இரண்டு தோட்டங்களின் கிளுவை வேலிகளுக்கு நடுவில் மாட்டுவண்டி ஒன்று போகும் அளவுக்கு விட்ட மண்தடம். பொள்ளாச்சிப் பக்கம் இன்றும் பல இட்டேரிகள் இருக்கின்றன. தார் போட்டவை பாதி, வேலி நகர்ந்து நகர்ந்து வரப்பாகச் சுருங்கியவை மீதியில் பாதி. எஞ்சியவற்றில் மழைக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் போனால், மண் இறுகி, டயர் வழுக்காமல் ஓடும். அந்த ஓட்டத்துக்கு ஈடாக எந்த நெடுஞ்சாலையையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய சைக்கிளில் இல்லாதது கியர். சமதரையில் அது குறையாகத் தெரியாது. காற்றைக் கூடுதலாக அடிக்காதீர்கள். பெருவிரலால் அழுத்தினால் கல்போல் இருக்க வேண்டும் என்று பையன்கள் அடித்துக் கொடுப்பார்கள். நாற்பது வருடம் நானும் அப்படித்தான் ஓட்டி, இடுப்புவலியை வயதின் மேல் போட்டேன். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்த அன்றுதான் வயது பாதியாகக் குறைந்தது.

நெருஞ்சி முள் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

2024 நவம்பர் 23

ஸ்பெயின் விஷயத்துக்கு வருகிறேன். படங்களை மட்டும் பார்த்தால் ஒரு முக்கியமான செய்தி தெரியாமல் போய்விடும்.

என் மகளும் மருமகனும் வலென்சியாவில் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அங்கே மூன்று வாரம் தங்கியபோது, வாடகைச் சைக்கிளில் செர்பிஸ் ஆற்றோரப் பாதையில் ஒரு நாள் போனேன். வில்லலோங்கா என்ற ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் ஆரஞ்சு. மரம் நம் கொய்யா அளவுக்கு மேல் உயரம் இல்லை. காய்ப்பு தரையைத் தொடுகிறது. வேலியே இல்லாத தோப்பும் உண்டு. யாரும் பறிப்பதில்லை என்பதை நான் ஒரு மணி நேரம் நம்பவில்லை. தோப்புகள் முடிந்ததும் ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒடுங்குகிறது. பாதை ஆற்றுக்குச் சற்று மேலே, மலையைக் குடைந்த சிறு சுரங்கங்களின் வழியாகப் போகிறது. விளக்கு இல்லாமல் போனது என் முட்டாள்தனம். மேலே போகப்போக ஆரஞ்சு மறைந்து பாதாம் மரங்கள் பூத்திருந்தன.

அந்தப் பாதையைச் சைக்கிள்காரர்களுக்காக யாரும் வெட்டவில்லை. அல்காய் என்ற ஆலை நகரத்துக்கும் காந்தியா துறைமுகத்துக்கும் இடையில் 1893-ல் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று போட்ட மீட்டர் கேஜ் ரயில்பாதை அது. கீழிருந்து நிலக்கரி ஏறியது, மேலிருந்து துணியும் காகிதமும் இறங்கின. 1969-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றிய பின் மீந்த தரைதான் இன்றைய கிராவல் பாதை. ஸ்பெயினில் 1993 முதல் இப்படிக் கைவிட்ட பாதைகளை 'பசுமை வழி' என்று பெயரிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்து வருகிறார்கள். மொத்த நீளம் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கத்திலிருந்து சகுந்த் துறைமுகத்துக்கு இரும்புத்தாது இறக்கிய பாதை அவற்றில் மிக நீளமானது, 160 கிலோமீட்டர் அளவில் வரும். பக்கத்திலேயே வேறு கம்பெனியின் ரயில்பாதை இருந்தும் கூலி பேசிப் படியாததால், சுரங்கக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒன்றை அதன் அருகிலேயே போட்டார்களாம். பங்காளிச் சண்டையில் இரண்டு கிணறு வெட்டிய கதைதான்.

2024 நவம்பர் 24

நேற்று எழுதியதில் கணக்கு விட்டுப்போயிற்று. ஆசிரியன் புத்தி விடாது.

ரயில் இன்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. நூறு மீட்டர் போனால் இரண்டு மீட்டர் ஏறலாம், அதற்குமேல் இழுக்கத் திணறும். ஆகவே மலையைச் சுற்றியும் குடைந்தும் சரிவைக் குறைத்து வைத்தார்கள். இன்ஜினுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த சரிவு, அறுபது வயதுக்காரனின் முழங்காலுக்கும் பொருந்திவிட்டது.

நம் எல்லையில் அதே வேலையைச் செய்தது தண்ணீர். பாசன வாய்க்காலின் சரிவு பொதுவாக ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைவிட அதிகமானால் தண்ணீர் கரையை அரித்துவிடும். பதினைந்து கிலோமீட்டர் போனாலும் நீங்கள் ஏறுவது பதினைந்து மீட்டருக்குள்தான். மேடு வந்தால் வாய்க்கால் சுற்றிக்கொண்டு போகும், கரையும் கூடவே போகும். கரையில் லஸ்கர், அதாவது மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளும் பாசனத் துறை ஊழியர், போய்வரத் தடம் விட்டிருப்பார்கள். ஆகவே ரயில்பாதையைத் தேடாதீர்கள், வாய்க்காலைத் தேடுங்கள்.

ஆனைமலைப் பக்கம் போனால் இது இன்னும் நன்றாகப் புரியும். ஆழியாற்றில் பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து பழைய வாய்க்கால்கள் பிரிகின்றன. அணை கட்டியது 1960-களில். இவை அதற்கு முந்தியவை. அவற்றின் வளைவுகளைப் பார்த்தால் கருவியில்லாமல் தண்ணீரை விட்டே மட்டம் பார்த்திருப்பார்களோ என்று தோன்றும். கரை குறுகல்; சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டும்.

2024 டிசம்பர் 2

"நம்மிடம் கைவிட்ட ரயில்பாதையே இல்லையா?" என்று பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தது. நான் அதில் ஓட்டியும் இருக்கிறேன்.

பொள்ளாச்சி–பாலக்காடு மீட்டர் கேஜை அகலப்பாதையாக்க ரயிலை நிறுத்தியவர்கள், மீண்டும் விட்டது 2015-ல்தான். இடையில் பல ஆண்டுகள் வேலை நடந்தும் நடக்காமலும் கிடந்தது. தண்டவாளத்தையும் கட்டையையும் எடுத்த பிறகு, ஜல்லி அமுங்கிப் புல் முளைத்த ஒரு நீளமேடு மட்டும் மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு என்று போயிற்று. பள்ளி விடுமுறை நாட்களில் விடியற்காலையில் அதில் ஏறிவிடுவேன். முதலமடை நிலையத்தின் ஆலமரங்களுக்குக் கீழே, ரயில் வராத நடைமேடையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். மாந்தோப்பு இருபுறமும், சாலை எங்கோ தள்ளி, எதிரே ஆடு மேய்ப்பவர் தவிர யாரும் இல்லை. பசுமை வழி என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. ஸ்பெயினில் செர்பிஸ் கரையில் நின்றபோதுதான், 'இதில் நான் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறேனே' என்று தோன்றிற்று.

அதை அப்படியே சைக்கிள் பாதையாக விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயில் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். காலையில் அந்தப் பாதையில் ஓட்டிவிட்டு, மாலையில் அதை எடுக்கச் சொல்லி மனு எழுதிய ஆள்.

2024 டிசம்பர் 3

காட்டு டிராம் பாதை பற்றியும் கேட்டதால் சுருக்கமாக: கொச்சி சமஸ்தானம் பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கப் போட்டது, 1907 முதல் 1963 வரை ஓடியது. அதன் மேல்பகுதி இன்று புலிகள் காப்பகத்துக்குள். சைக்கிளுக்கு அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. கேரளத்தின் பறம்பிக்குளத்துக்குச் சாலைவழியாகப் போக வேண்டுமானாலே தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் எல்லைக்காரனின் சிறு பெருமையாகச் சொல்லிவைக்கிறேன்.

2024 டிசம்பர் 15

திருத்தம். தனிப்பட்ட முறையில் கேட்ட இருவரிடம், "மேற்கே போகும்போது காற்று எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்" என்று சொல்லியிருந்தேன். அது ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் உரிய பேச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதங்களில்தான் மேற்கிலிருந்து அடிக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று. உதடு வெடிக்கும், பனையோலை சடசடக்கும்.

அவர்களில் ஒருவர் என் சொல்லை நம்பி நேற்று மேற்கே போனார். பறவைபோல் போயிருக்கிறார். திரும்பும்போது, "வாய்க்காலுக்குச் சரிவே இல்லை என்றீர்களே, இது என்ன ஏற்றம்?" என்று வழியிலிருந்து தொலைபேசியில் கேட்டார். பதினைந்து மீட்டர் ஏற்றத்தைப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்டிய நான், காற்றை மறந்துவிட்டேன். இப்போது போகிறவர்கள் முதலில் கிழக்கே, எதிர்க்காற்றில் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள்.

2025 ஜனவரி 5

நெல்லியாம்பதி. கேள்வி கேட்டவருக்கு ஆரஞ்சு கடன் இருக்கிறது என்பதால் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள் போய்வந்தேன்; சைக்கிளில் அல்ல, பேருந்தில்.

நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டியதும் காட்டுச்சாலை. கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறையில் கார் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகிறது, மேலே ஜீப்புகள். சைக்கிளில் ஏறுபவர்களையும் பார்த்தேன், இளைஞர்கள், நெஞ்சுரம் உள்ளவர்கள். நீங்கள் கேட்ட அமைதி அங்கே சாலையில் கிடையாது. யானை இறங்கும் இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புலயம்பாறையில் அரசின் ஆரஞ்சு–காய்கறிப் பண்ணை இருக்கிறது. பெயரில் இருக்கும் ஆரஞ்சை எதிர்பார்த்துப் போகிறவர் முதலில் பார்ப்பது காய்கறிப் பாத்திகளையும், விற்பனைக் கூடத்தில் ஸ்குவாஷ், ஜாம் பாட்டில்களையும். மரங்களும் உண்டு, கமலா ஆரஞ்சு, தோல் தளர்ந்து கையால் உரிக்க வரும் வகை. வலென்சியாவில் கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்த எனக்கு இது ஒரு வீட்டுக் கொல்லை. ஆனால் சுவை? வலென்சியாப் பழம் வெல்லப்பாகு. இது புளிப்பும் இனிப்பும் சண்டை போட்டுக்கொண்டு வாய்க்குள் வரும். எனக்கு இதுதான் பிடித்தது. அங்கே மகளிடம் சொல்லவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகு உட்படப் பல இடங்களில் கமலா ஆரஞ்சு நலிந்ததற்கு நோய் ஒரு பெரிய காரணம். 'கிரீனிங்' எனும் நோயைச் சிறு பூச்சி பரப்புகிறது, 'டிரிஸ்டெசா' வைரஸை அசுவினி பரப்புகிறது. அதே டிரிஸ்டெசா வலென்சியாவையும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலுக்கியது. கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டிய மரங்களையெல்லாம் மாற்றி, நோயைத் தாங்கும் வேர்ச்செடியில் திரும்ப நட்டார்கள். நீங்கள் படங்களில் பார்க்கும் தோப்புகள் அப்படி மறுபிறவி எடுத்தவை.

சீதார்குண்டுக் காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தேன். கொல்லங்கோட்டுச் சமவெளி, மீன்கரை, சுள்ளியாறு அணைகள், தென்னைக்கு நடுவில் வெள்ளிக் கோடுகளாக வாய்க்கால்கள். நான் ஐம்பது வருடம் ஓட்டிய வழிகளெல்லாம் ஒரே சட்டகத்துக்குள். பக்கத்தில் நின்ற இளைஞர் தம்மை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மலை பின்னால் இருந்தது.

2025 ஜனவரி 6

"சமவெளியிலேயே ஆரஞ்சு நட்டால் என்ன?" என்ற கேள்விக்கு: நடலாம், காய்க்கும், ஆனால் நிறம் வராது. தோலின் பச்சை மறைந்து மஞ்சள் ஏற இரவில் குளிர் வேண்டும். நம் சாத்துக்குடி பழுத்தும் பச்சையாகவே இருப்பது அதனால்தான். படத்தில் வருவதுபோல் செம்மஞ்சள் பந்துகளுக்கு நடுவே ஓட்ட ஆசைப்பட்டால், ஆறும் குளிரும் ஒரே இடத்தில் வேண்டும். நமக்கு ஆறு கீழே, குளிர் மேலே.

2025 ஜனவரி 19

எல்லோரும் கேட்கத் தயங்கிய கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார்: "வாய்க்கால் கரையில் போக அனுமதி உண்டா?"

எழுதிக் கொடுத்த அனுமதி என்னிடம் இல்லை. கரை நீர்ப்பாசனத் துறையின் இடம். நடப்பவரையும் ஆடு ஓட்டுபவரையும் யாரும் தடுத்ததை நான் பார்த்ததில்லை. ஒருமுறை மட்டும், எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல மாட்டேன், மதகடியில் ஒரு லஸ்கர் என்னை நிறுத்தினார். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, கைப்பிடியில் கேமரா. மேலிடத்திலிருந்து கசிவை அளக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றியதும், "மாஷே, நிங்ஙளோ!" என்று சிரித்தார். அவர் மகளுக்கு நான் பின்னம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போகிறேன். ஒரு கேள்வியும் இல்லை. பிற்பாடு யோசித்தபோது இது நியாயமான பதில் அல்ல என்று பட்டது. தெரிந்த முகத்துக்குத் திறக்கும் வழி, கேள்வி கேட்டவரைப் போல் வேலைக்கு வந்தவருக்கும், தனியாக ஓட்டும் பெண்ணுக்கும் அதே மாதிரி திறக்குமா? ஸ்பெயினில் பலகை வைத்திருந்தார்கள்: கார் வரக்கூடாது, நீ வரலாம். அந்தப் பலகை செய்வதை என் முகம் செய்ய முடியாது.

லஸ்கர் சொன்ன ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறக்கும் நாளில் கரைமேல் ஈரம் ஏறும், வாய்க்கால் பக்கத்து விளிம்பு இளகும். தண்ணீர் ஓடும்போது எதிர்ப்பக்க விளிம்பில் ஓட்டுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் வேண்டாம், கண்ணாடி விரியன் கதகதப்புக்குத் தடத்தில் வந்து படுக்கும்.

2025 பிப்ரவரி 2

தண்ணீர் எந்த நாளில் வரும் என்று கேட்கிறீர்கள். அது என் கையிலோ லஸ்கர் கையிலோ இல்லை. பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது; 1958 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டது. அதன்படி மணக்கடவில் அளந்து, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பக்கம் 'வரவில்லை' என்பார்கள், அந்தப் பக்கம் 'விட்டோம்' என்பார்கள். நடுவில் சைக்கிள் ஓட்டுபவனுக்கு ஒரே அடையாளம், வாய்க்காலில் கொக்கு நின்றால் தண்ணீர் குறைவு.

வலென்சியாவில் பேராலய வாசலில் வியாழன்தோறும் நண்பகலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. நான் போய் நின்று பார்த்தேன். வாய்க்கால்வாரியாக விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள் கறுப்பு அங்கியில் வட்டமாக உட்கார்ந்தார்கள்; ஒவ்வொரு வாய்க்கால் பெயராகக் கூப்பிட்டார்கள்; புகார் ஏதும் இல்லை; சில நிமிடத்தில் எழுந்து போனார்கள். எல்லாம் வாய்மொழி, காகிதம் கிடையாது. ஆரஞ்சுத் தோப்புக்கும் அதன் ஓரத் தடத்துக்கும் உயிர் அந்த வாய்க்கால்களில்தான் இருக்கிறது என்பது அங்கே நின்றபோது விளங்கிற்று. நம் மடைத்தகராறுகளை நினைத்துக்கொண்டேன். இங்கே அப்படிக் கூடினால் சில நிமிடத்தில் எழுந்திருக்க மாட்டோம், சாப்பாடும் சொல்லிவைக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 16

நெருஞ்சி முள்ளைப் பற்றி எழுதுவதாக நவம்பரில் சொன்னேன். இப்போது எழுதவேண்டியதாயிற்று, இன்று காலை ஒரே சக்கரத்தில் நான்கு. காய்ந்த காயின் முள் எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே நிற்கும். சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றிக் கையுறையால் தடவிப் பார்த்துப் பிடுங்குங்கள். டியூப் இல்லாத டயரில் ஊற்றும் பசை உள்ளவர்கள் பிடுங்காமலே வீடு வந்து சேரலாம். சீமைக்கருவேல முள்ளுக்கு எந்தப் பசையும் போதாது. இரண்டு டியூப், ஒட்டுத்துண்டு, கைப்பம்பு: கரையில் பஞ்சர் கடை கிடையாது. வண்டி வராத வழி என்றால் உதவிக்கும் வண்டி வராது.

இன்னொன்று, சற்று மனவருத்தத்தோடு. என் வழித்தடத்தை ஒருவர் வரைபடக் கோப்பாகப் பலருக்கும் அனுப்பியிருக்கிறார். போன ஞாயிறு கரையில் பதினொரு சைக்கிள், மகிழ்ச்சிதான். பின்னால் மூன்று மோட்டார் பைக்கும் வந்தது. வாய்க்கால் மேட்டில் சக்கரத்தைச் சுழற்றி மண் தெறிக்க விளையாடிவிட்டுப் போனார்கள். மறுநாள் லஸ்கர் அந்த இடத்தில் மண் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துவிட்டு மண்ணைப் பார்த்தார். இறங்கி நானும் நான்கு கூடை போட்டேன். இந்த இழையில் வழி சொன்னது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்னும் விடை இல்லை. கோப்பை நீக்கும்படி கேட்டிருக்கிறேன், நீக்கிவிட்டார்.

2025 பிப்ரவரி 17

நான்கு கூடை அல்ல, மூன்று. கரையில் பார்த்த ஒருவர் எண்ணியிருக்கிறார்.

2025 மார்ச் 9

முதல் குறிப்பில் 22 கிலோமீட்டர் என்று எழுதியது பிழை. வழிதவறித் திரும்பிய ஒரு துண்டை இரண்டு தடவை கூட்டியிருக்கிறேன். 19 என்று திருத்திக்கொள்ளுங்கள். கணக்கு ஆசிரியன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர் நேற்று என்னோடு வந்தார். வெயில் ஏறிவிட்டதால் ஆறரைக்கே கிளம்பினோம். கள் வண்டிகள் மூன்றுக்கு ஒதுங்கி நின்றோம். முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளில் அறுவடை. அங்கே லாரி வரும் என்பதால் அந்தக் கிளையை விட்டுவிட்டோம். கொல்லங்கோட்டுத் தென்மலை அடிவாரத்துக்குப் போக ஆசைப்பட்டார். யானை நடமாட்டத்தைச் சொன்னதும் ஆசை அடங்கிற்று.

மதகடியில் லஸ்கர் வீட்டில் தண்ணீர் குடித்தோம். கொல்லையில் ஒரு மரம், அடர்ந்த பச்சை இலை, கிளையெல்லாம் முள், கைக்கு அடங்காத காய். கேள்வி கேட்டவர் இலையைக் கிள்ளி மோந்துவிட்டு, "ஆரஞ்சா?" என்றார். நாரத்தை. "ஆரஞ்சுக்குச் சொந்தக்காரன்தானே" என்று சொல்லி லஸ்கர் ஆளுக்கு இரண்டு பறித்துக் கொடுத்தார். ஆறு, மண்பாதை, வாசனை, மூன்றும் ஒரே நாளில் கிடைத்துவிட்டது, ஆகவே உங்கள் முடிவு தவறு என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வந்தேன். ஒரு மரத்தைத் தோப்பு என்று ஒப்புக்கொள்ள அவர் மறுத்துவிட்டார்.

அது நியாயம்தான். என் பங்கு இரண்டும் நறுக்கி உப்பில் கிடக்கின்றன.